துறைமுகத்தில் நமக்குக் கிடைக்கும் நேரத்தையும் அச்சிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல் சுற்றுலாக்களுக்கான விளம்பரங்கள் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அரைப்பக்க அளவில் வருவதைப் பார்க்கிறேன். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால், எங்கள் ஊரில் பணி ஓய்வு பெற்றவர்களும் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்ட குடும்பத்தினரும் இவற்றுக்கு ஆர்வத்தோடு பணம் கட்டுகிறார்கள். சென்ற ஆண்டு மே மாதம் நானும் என் மனைவியும், என் தங்கையும் அவர் கணவருமாக நால்வர் அப்படித்தான் போய்வந்தோம். பினாங்கு, புக்கெட் ஆகிய இரண்டு துறைமுகங்களுக்குச் சென்று திரும்பும் நான்கு இரவுப் பயணம் அது. கப்பலைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ எனக்குக் குறை ஏதும் இல்லை. விளம்பரங்களிலும் சரி, பணம் கட்டிய பிறகு பயண முகவர்கள் கையில் தரும் பயணத்திட்டத்திலும் சரி, ஒவ்வொரு துறைமுகத்திலும் பயணி கரையில் உண்மையிலேயே எத்தனை மணி நேரம் செலவிட முடியும் என்பது எழுதப்படுவதே இல்லை. அதைப் பற்றி மட்டுமே இக்கடிதம்.

எங்களுக்குக் கொடுத்த தாளில் பினாங்கு என்ற தலைப்பின் கீழ் பினாங்கு மலை, கெக் லோக் சி புத்தர் கோயில், தண்ணீர்மலை முருகன் கோயில், ஜார்ஜ் டவுன் சுவரோவியங்கள் என்று நான்கு படங்கள் இருந்தன. பக்கத்தில் வருகை பிற்பகல் 1.00, புறப்பாடு இரவு 8.00 என்று அச்சாகியிருந்தது. ஏழு மணி நேரத்தில் நான்கு இடங்கள் என்பது பேராசையாக எங்களுக்குத் தோன்றவில்லை. நாற்பது ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான். இந்தக் கணக்கை மட்டும் கப்பல் கரையை அடைந்த பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

கப்பலைத் துறைமேடையில் கட்டியவுடன் யாரும் இறங்கிவிட முடியாது. உள்ளூர் அதிகாரிகளின் அனுமதி கிடைக்க வேண்டும். அதன் பிறகும் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சேர்ந்திருப்பவர்களைத்தான் முதலில் அனுப்புகிறார்கள். எங்கள் முறை வந்தபோது மணி இரண்டு. குடிநுழைவு வரிசையைக் கடந்து வெளியே வந்தபோது 2.20. இரவு 8 மணி என்பது கப்பல் நகரும் நேரம். பயணிகள் அனைவரும் 7 மணிக்கே உள்ளே இருந்தாக வேண்டும் என்பது முதல் நாள் இரவு மறுநாள் விவரங்களோடு கப்பலில் எங்கள் அறைக்கு வந்த தினசரித் தாளில்தான் இருந்தது. அந்நிய ஊரில் சாலை நெரிசலுக்காக ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக ஒதுக்குவதே விவேகம் என்பதால், அச்சிட்டிருந்த ஏழு மணி நேரத்தில் எங்கள் கைக்கு வந்தது மூன்று மணி நாற்பது நிமிடம் மட்டுமே.

அதையும் நாங்கள் சரியாகச் செலவிடவில்லை. 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலைக்கு 1923-ஆம் ஆண்டிலிருந்தே கம்பிவட ரயில் ஓடுகிறது. அதில் ஏறும் நேரம் சில நிமிடங்கள்தாம். ஏறுவதற்கு நிற்கும் வரிசையைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. துறைமுகத்திலிருந்து ஆயர் ஈத்தாம் அடிவாரத்துக்குப் போக ஒரு நெரிசல், மேலே செல்ல ஒரு வரிசை, கீழே வர இன்னொரு வரிசை என்று பொழுது முழுவதும் அந்த ஒரே இடத்தில் கழிந்தது. திரும்பும் வழியில் 513 படிகள் கொண்ட தண்ணீர்மலை எந்தப் பக்கம் என்று வாடகைக் கார் ஓட்டுநர் கையை நீட்டிக் காட்ட, என் மனைவி காருக்குள் இருந்தபடியே அத்திசை நோக்கிக் கும்பிட்டார். அந்தக் கோயிலுக்காகவே இப்பயணத்துக்கு அவர் சம்மதித்திருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறைமேடை ஊருக்கு வெளியே எங்கோ இல்லை. யுனெஸ்கோ 2008-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்தால் விக்டோரியா அரசியின் ஆட்சி ஆண்டுக்கு ஓர் அடி வீதம் அறுபது அடிக்கு எழுப்பிய மணிக்கூண்டு. அதற்கு எதிரில் 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடத்தில் உள்ள கார்ன்வாலிஸ் கோட்டை. அங்கிருந்து கால்மணி நேரம் நடந்தால் ஒரே தெருவின் ஓரத்தில் புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில், நம் மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம் மரபில் வந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று நான்கு சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. வாடகைக் கார் தேவையில்லை, நெரிசல் பற்றிய அச்சமும் இல்லை. கால் வலித்தால் கப்பலுக்குத் திரும்பி, மோர் குடித்துவிட்டு மறுபடி இறங்கலாம். (மோர் கேட்டால் கொடுக்கிறார்கள், நாங்கள் கேட்டு வாங்கினோம்.) ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்: நம் ஊரைப் போலவே அங்கும் நண்பகலில் கோயில் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறக்கிறார்கள். பிற்பகலில் இறங்குவோர் கோட்டையையும் மணிக்கூண்டையும் முதலில் பார்த்துவிட்டு, மாரியம்மனைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

புக்கெட்டில் நேர்ந்தது இதைவிடக் கவலைக்குரியது. அங்கே எங்கள் கப்பல் கரையில் நிற்கவில்லை. படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டது. சிறு படகுகளில் தொகுதி தொகுதியாகக் கரைக்குக் கொண்டுபோனார்கள். படகுக்கான சீட்டு வாங்க ஒரு வரிசை, அலையில் ஆடும் படகில் ஏற மற்றொரு வரிசை. முழங்கால் வலியுள்ள என் தங்கைக்கு அந்த ஏற்றமே பெரும்பாடாகிவிட்டது. படோங் மேற்கு நோக்கிய கடற்கரை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விடும் மே மாதத்தில்தான் அங்கே தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகிறது. அலை கூடினால் படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே பணம் திரும்பக் கிடைக்காத உள்ளூர்ச் சுற்றுலா எதையும் முன்கூட்டியே பதிவு செய்யக் கூடாது என்பது நான் அங்கே கற்றது. கப்பல் நங்கூரமிடுமா, மேடையில் கட்டப்படுமா என்பது முகவருக்குத் தெரியாத செய்தியன்று. முதியோரை அழைத்துச் செல்பவர்கள் பயணத்தை முடிவு செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது.

அதனினும் பெரிய சிக்கல் கடிகாரத்தில் இருந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. தாய்லாந்து அவற்றைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. எங்கள் கப்பல் பயணம் முழுவதும் சிங்கப்பூர் நேரத்தையே கப்பல் நேரமாக வைத்திருந்தது. கடைசிப் படகு 4.30 என்றால் அது கப்பல் நேரம். கரையில் உள்ள கடைக்காரரின் சுவர்க் கடிகாரத்தில் அப்போது மணி 3.30. கைப்பேசிகளோ தாய்லாந்து அலைவரிசையைப் பிடித்தவுடன் நம்மைக் கேட்காமலேயே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடுகின்றன. என் தங்கையின் கணவர் தம் கைப்பேசியில் மணி 3.05 என்று பார்த்து, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்ற நிம்மதியில் சட்டை பேரம் பேசிக்கொண்டிருந்தார். என் மனைவி கையில் கட்டியிருந்தது சாவி கொடுக்கும் பழைய எச்.எம்.டி. கடிகாரம். சிங்கப்பூரில் கப்பல் ஏறும்போது திருத்தி வைத்த அது, எந்த அலைவரிசையையும் அறியாமல் 4.05 காட்டிக்கொண்டிருந்தது. நால்வரும் கடற்கரை மணலில் ஓடி, கடைசிக்கு முந்தைய படகைப் பிடித்தோம். துறைமுகத்தில் இறங்கும்போது கப்பல் நேரத்துக்கு வைத்த ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எல்லாக் கப்பல்களும் இவ்வாறு செய்வதில்லை; உள்ளூர் நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றும் கப்பல்களும் உண்டு. தினசரித் தாளில் அதைத் தேடிப் படிப்பது பயணியின் பொறுப்பு என்றாலும், முதல் முறை போகிறவருக்கு அப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது.

கடைசிப் படகையும் பிடிக்கத் தவறியிருந்தால் கப்பல் எங்களுக்காக நின்றிருக்காது. 2024 மார்ச் இறுதியில் ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள சாவோ டோமே தீவில், தனியார் ஏற்பாட்டில் ஊர் சுற்றப் போய்த் தாமதமாகத் திரும்பிய எட்டுப் பயணிகளை விட்டுவிட்டு ஒரு கப்பல் புறப்பட்டுவிட்டது. அவர்கள் பல நாடுகள் வழியாக அலைந்து செனகல் நாட்டின் டக்கார் துறைமுகத்தில்தான் அதை மறுபடி பிடித்தார்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்கள் செலவில் அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பார்கள். அதற்கு வாங்கும் கட்டணம் அதிகம்தான். என் கருத்தில், பினாங்கைப் போல நடந்தே பார்க்கக்கூடிய இடத்தில் அது வீண்செலவு. தொலைதூர இடங்களுக்கு அதுவே பாதுகாப்பு.

தொலைதூரம் என்பதற்குக் கிள்ளான் துறைமுகத்தைச் சொல்லலாம். நம்மவர்கள் செல்லும் பல கப்பல்கள் அங்கே நிற்கின்றன. முகவர்கள் தரும் தாளில் கோலாலம்பூர் என்றே அச்சாகியிருக்கும். கப்பல் நிற்பதோ இண்டா தீவில். அங்கிருந்து கோலாலம்பூர் 60 கிலோமீட்டருக்கும் மேல். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துமலை அதற்கும் வடக்கே. 140 அடி முருகன் சிலையின் முன் நின்று படம் எடுத்து, 272 படிகளையும் ஏறி இறங்கி, இரட்டைக் கோபுரத்தையும் பார்த்துவிட்டு ஒரே பகலில் துறைமுகம் திரும்புவது என்பது, நெரிசல் மனம் வைத்தால் மட்டுமே நடக்கும். பத்துமலை ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் கப்பல் நிறுவனத்தின் பேருந்திலேயே போவது நல்லது. ஸ்ரீரங்கத்துக்காரன் என்ற முறையில் வேறொன்றையும் சொல்வேன்: கிள்ளான் நகரிலேயே 1892-இல் தோன்றிய சுந்தரராஜப் பெருமாள் கோயிலும், தெங்கு கிள்ளானா சாலையில் தமிழ்க் கடைவீதியும் இருக்கின்றன. கோலாலம்பூரை நோக்கி ஓடாமல் அங்கேயே அமைதியாக அரைநாளைக் கழிக்கலாம்.

ஆகவே பயண முகவர்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது: ஒவ்வொரு துறைமுகத்துக்கும் வருகை, புறப்பாட்டு நேரங்களோடு பயணிகள் கப்பலுக்குத் திரும்பியாக வேண்டிய நேரத்தையும், கப்பல் மேடையில் நிற்குமா அல்லது படகில்தான் இறங்க வேண்டுமா என்பதையும், படம் போட்டுக் காட்டும் இடங்கள் துறைமுகத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதையும் பணம் வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். சிங்கப்பூருக்குத் திரும்பி வருவது இரண்டாம் நுழைவாகக் கணக்காகும் என்பதால், நம் விசா ஒரு முறைக்கானதா பல முறைக்கானதா என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். விளம்பரத்தில் இடம் போதவில்லை என்றால் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

என் தங்கையின் சம்பந்தி வீட்டார் வரும் டிசம்பரில் கிள்ளான் வழியாகச் செல்லும் கப்பலுக்குப் பதிவு செய்ய இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்தக் கேள்விகளை எங்கள் ஊர் முகவர் ஒருவருக்கு எழுதி அனுப்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. விசா பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வந்திருக்கிறது. மற்றவற்றுக்குக் கப்பல் ஏறிய பிறகு அங்கேயே விசாரித்துக்கொள்ளுமாறு சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி.