நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி வாசல்வரை எங்களோடு வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்குக் கடைசியாக வலிப்பு வந்து நேற்றோடு பதினோரு மாதம் முடிந்தது. ஒரு வருஷம் முழுசாக முடியட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா விடவில்லை. "நன்றிக் கடனை ஏன் தள்ளிப் போடுறாய் பிள்ளை, இண்டைக்கே எழுது" என்று உட்கார வைத்துவிட்டார்.

நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஒரு இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர்கள். அம்மா 1990இல் பன்னிரண்டு வயதில் மன்னார்த் தீவில் உள்ள பேசாலையிலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் சில காலம் இருந்துவிட்டு இங்கே அனுப்பப்பட்டவர். நானும் தம்பியும் முகாமிலேயே பிறந்தவர்கள். நான் பி.காம். முடித்து பெங்களூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன், ஈஜிபுராவில் ஒரே அறை வாடகை வீடு. தம்பி, எங்கள் முகாம் பையன்கள் நிறையப் பேரைப் போல, பெயிண்டிங் வேலைக்கு மேஸ்திரியோடு இங்கே வந்தவன்.

போன வருஷம் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் வேலை. பகலில் ஆட்கள் இருப்பார்கள் என்பதால் தொடர்ந்து ஆறு ராத்திரி கண் விழித்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஆறாவது ராத்திரி, சாரத்தை விட்டு இறங்கி டீ குடித்துவிட்டு வாளியில் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்து வெட்டி வெட்டி இழுத்திருக்கிறான். ஐந்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் சாரத்தின் மேலே இருந்திருப்பான், அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கை நடுங்கும். கூட இருந்த பையன்கள் பயத்தில் ஒருத்தன் கையில் சாவிக் கொத்தைத் திணிக்க, இன்னொருத்தன் பல்லுக்கு நடுவே ஸ்பூனை வைக்கப் போக, அப்போதுதான் ரோட்டில் சவாரிக்கு நின்ற ஒரு ஆட்டோ அண்ணன் சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்திருக்கிறார். எல்லாரையும் விலக்கி, வாயில் எதையும் வைக்க விடாமல், தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் தன் காக்கிச் சட்டையை மடித்து வைத்து, போனில் நேரம் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். தன் மகளுக்கும் இது உண்டு என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்ததும் அவர்தான். நான் போய்ச் சேரும்போது வராந்தாவில் வெறும் பனியனோடு நின்றுகொண்டு என்னைப் பார்த்து "ஹெதரபேடிம்மா" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். அந்த ராத்திரி எனக்குத் தைரியம் சொன்ன முதல் ஆள் அவர்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். கவுண்டரில் தம்பியின் முகாம் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு பாஸ்போர்ட் எங்கே, விசா எங்கே என்று கேட்டார்கள். வெளிநாட்டுக்காரர் கணக்கில்தான் போட முடியும், முதலில் முப்பதாயிரம் கட்டுங்கள் என்றார்கள். முகாமில் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று அரசு தருகிற உதவித்தொகையில் வளர்ந்தவர்கள் நாங்கள். அதுவும் 2021இல் கூட்டிக் கொடுத்த பிறகு வந்த தொகை. தமிழ்நாட்டுக்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம் மக்களையும் சேர்த்திருக்கிறார்கள், எல்லையைத் தாண்டி இங்கே வந்து அதை நீட்டினால் வாங்கிப் பார்க்க ஆளில்லை.

என் ஆபீஸ் தோழிக்குப் போன் போட்டேன், அவள் தன் அக்காவை எழுப்பினாள். அந்த அக்கா வக்கீல். இரவு பன்னிரண்டரைக்கு ஸ்கூட்டரில் வந்தார். சத்தமே போடவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு 'குடிமகன்' என்று சொல்லவில்லை, 'நபர்' என்றுதான் சொல்கிறது, 1996இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அகதிகளுக்கும் பொருத்திச் சொல்லிவிட்டது, அவசரமாக வருகிறவரின் உயிரைக் காப்பது அரசு டாக்டர், தனியார் டாக்டர் எல்லோருக்கும் கடமை என்று 1989லேயே தீர்ப்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி பொறுமையாகச் சொன்னார். பிறகுதான் ஊசி போட்டார்கள். அக்கா, நான் இந்த மண்ணிலேயே பிறந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, எனக்கும் இந்தச் சட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது என்று யாரும் அதற்கு முன்னால் சொன்னதில்லை. அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, மியான்மர், ஆப்கானிஸ்தான், சோமாலியாவிலிருந்து வருகிறவர்கள் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டையை வைத்திருப்பார்கள், எங்களை அரசே பதிவு செய்கிறது, இப்படி ஆளுக்கொரு அட்டையாக இருப்பதால்தான் கவுண்டரில் இருப்பவர்களுக்கும் குழப்பம் என்று நீங்கள் விளக்கியது இப்போது எனக்கு ரொம்ப உதவுகிறது. கோபப்படாமல் பேசக் கற்றுக்கொண்டேன்.

அங்கே இன்னொன்றும் நடந்தது. டூட்டி டாக்டர் நோயின் பழைய விவரம் கேட்க அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா அழுதுகொண்டே "பிள்ளைக்குச் சின்னனிலேயிருந்து வருத்தம் இருந்தது ஐயா" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். டாக்டர் அதைக் கவலை என்று எடுத்துக்கொண்டார். சிறு வயதிலிருந்தே மன உளைச்சல், அதனால் வந்த மயக்கம் என்று சீட்டில் எழுதி, தூக்க மாத்திரை கொடுத்துக் காலையில் அனுப்பிவிட்டார்கள். நாலாம் நாள் வீட்டில் மறுபடி வந்தது. எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா, இந்த வியாதியைப் பார்த்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று நான் பயந்துகொண்டிருந்த அதே அம்மா, ஓடி வந்து அவன் தலையை மடியில் தாங்கி, "நாளைக்கே நிம்ஹான்ஸ் கூட்டிட்டுப் போ" என்று கையில் இரண்டாயிரம் வைத்தார். அம்மா, திருப்பித் தந்தபோது வாங்க மறுத்தீர்கள். அதைத் தம்பி மாத்திரைக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் விடிவதற்குள் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் வாசலில் நின்றோம். அம்மா முகாமிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்துவிட்டார். முகாமுக்கு வெளியே தங்குவதற்கு ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) அனுமதி வேண்டும். எங்கள் முகாம் தலைவர் நேரில் போய் நின்று அந்தக் கடிதத்தை வாங்கி அம்மா கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார், அவருக்கும் என் நன்றி. உள்ளே சீட்டை வாங்கிப் படித்த நர்ஸ் அக்கா ராமநாதபுரம் பக்கத்துக்காரர். கடலுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு அவருக்குப் புதிதில்லை. மன உளைச்சல் என்ற வரியைப் பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, நீங்க வருத்தம்னு சொன்னீங்களா?" என்று கேட்டார். அம்மா தலையாட்டினார். அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் திரும்பியது. நாலு வயதில் காய்ச்சலோடு தம்பிக்கு நீண்ட நேரம் வலிப்பு வந்ததும், பிறகு இரண்டு தடவை காய்ச்சல் இல்லாமலே வந்ததும், முகாமில் தெரிந்தால் ஏதாவது பேசுவார்கள் என்று அம்மா எங்களிடம்கூட மறைத்ததும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. டாக்டருக்கு வேண்டியிருந்த விவரம் அதுதான்.

பிறகு மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிற இ.இ.ஜி. எடுத்தார்கள். முந்தின ராத்திரி தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்துவிட்டு, தூங்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். அவனை விழித்திருக்க வைக்க மேஸ்திரியும் பையன்களும் ராத்திரி முழுக்க எங்கள் அறையில் சீட்டாடினார்கள். ஸ்கேனும் எடுத்தாயிற்று. காக்காய் வலிப்புதான், தூக்கம் கெட்டால் தூண்டும், காலையும் இரவும் மாத்திரையைத் தவறவிடக் கூடாது, நன்றாயிருக்கிறது என்று தானாக நிறுத்தவும் கூடாது, இரண்டு வருஷமாவது வராமல் இருந்தால்தான் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். உயரத்தில் வேலை வேண்டாம் என்றும் சொன்னார். மேஸ்திரி அண்ணன் அவனைச் சாரத்தில் ஏற்றுவதில்லை, கலர் கலக்குவதும் கணக்குப் பார்ப்பதும் அவன் பொறுப்பு, சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

அட்டையைப் பற்றியும் வருமானத்தைப் பற்றியும் கேட்க ஒரு சமூகப் பணியாளர் அம்மாவையும் என்னையும் தனியாக உட்கார வைத்தார். எழுதி முடித்து ஃபைலை மூடிவிட்டு, "அம்மா, உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். பட்டாசுச் சத்தம் கேட்டால் அம்மா கட்டிலுக்கு அடியில் போய்விடுவார், நாங்கள் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தது, அம்மா அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். படகில் வரும்போது நடந்ததை அன்றைக்கு அம்மா ஒரு மணி நேரம் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. எனக்கே அது முதல் தடவை. மேடம், அந்த ஒரு மணி நேரம் வெளியே உங்களுக்காக எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது தம்பியோடு அம்மாவும் டாக்டரிடம் காட்டுகிறார். இந்தத் தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் போகவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தி உட்கார்ந்திருந்தார்.

பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் எல்லோரும் சொன்னதால் யார் பெயரும் போடவில்லை. முகாமிலிருந்து சிகிச்சைக்கு பெங்களூர் வருகிறவர்கள் என்னைக் கூப்பிடுங்கள், லீவு போட்டுக்கூட வருவேன். முகாம் அட்டை, ஆர்.ஐ. கடிதம், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். வருத்தம் என்று சொல்லாமல் நோய் என்று சொல்லுங்கள். நர்ஸ் அக்கா, அம்மா உங்களுக்குப் பிட்டும் சொதியும் செய்து தரவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள்.

ஆட்டோ அண்ணா, உங்களை மட்டும்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. வக்கீல் அக்கா வந்ததும் சொல்லாமல் போய்விட்டீர்கள், நம்பர் எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் ஆட்டோவின் பின்னால் கன்னட நடிகர் ராஜ்குமார் படம் இருந்ததாகப் பையன்கள் சொல்கிறார்கள், அது இந்த ஊரில் பாதி ஆட்டோவில் இருக்கிறது. உங்கள் காக்கிச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறோம். உங்கள் மகள் எப்படி இருக்கிறாள்?