டயர் மாற்றினேன், இரண்டு விளக்குகள் எரிகின்றன: சர்வீஸ் சென்டருக்கு ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பின் டயர் மாற்றியபின் ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் எச்சரிக்கை விளக்குகள் எரிவது, ஏபிஎஸ்ஸில் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டரை மாற்றச் சொன்னது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். போன மாதம் உங்கள் சர்வீஸ் சென்டரில் என் பைக்குக்குப் பின் டயர் மாற்றினேன். அதுவரை சாவி போட்டதும் எரியும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு) விளக்கு, வண்டி கொஞ்சம் உருண்டதும் அணைந்துவிடும். டயர் மாற்றி எடுத்து வந்த அன்றும் அணைந்தது. வேகம் 40-ஐத் தொட்டதும் மறுபடி எரிந்தது. கூடவே, வேகமெடுக்கும்போது பின் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கும். ஓரங்கட்டி, சாவியை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். சிறிது தூரத்தில் அதே கதை.

உடனே திரும்பி வந்தேன். “பிரேக் பிடிக்குதுல்ல சார்? ஓட்டுங்க, புது டயர் செட் ஆனா தானா போயிடும்” என்றார் உங்கள் அட்வைசர். பிரேக் பிடித்தது, உண்மைதான். ஏபிஎஸ் வேலை செய்யாவிட்டாலும் சாதாரண பிரேக் இருக்கும். ஆனால் ஈரச் சாலையில் பதறி அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதைத் தடுக்க ஆளில்லை. அதுவும் புது டயர். மேல்தோல் தேயும்வரை வழுக்கத்தான் செய்யும். இரண்டும் மிகவும் தேவைப்படுகிற நேரத்தில் இரண்டும் இல்லாமல் ஓட்டச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம் முறை, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் போட்டார்கள். ஜாப் கார்டில் எழுதியது ‘எரர் கிளியர் செய்யப்பட்டது’ என்ற ஒரே வரி. என்ன எரர் என்று நானே நச்சரித்துக் கேட்டபின் சொன்னார்கள்: பின் சக்கர வேக சென்சாரின் சிக்னல் சீராக இல்லை. காரணம் அப்படியே இருக்க, எரர் பதிவை மட்டும் அழித்து அனுப்பினால் எப்படி? வீடு போய்ச் சேரும் முன்பே விளக்கு வந்துவிட்டது.

மூன்றாம் முறை முதலில் டயர் சைஸ் மேல் பழி விழுந்தது. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால் கணக்குப் போட்டே பார்த்திருந்தேன். 140/70-17 இருக்கும் இடத்தில் 150/60-17 போட்டால் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1,972 மில்லிமீட்டரிலிருந்து 1,922-க்கு இறங்கும். ஏறக்குறைய இரண்டரை சதவீதம்; முன் சக்கரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கம்ப்யூட்டர் சில வண்டிகளில் இதற்கே குழம்பலாம். ஆனால் என் பழைய டயரும் 140/70-17, நீங்கள் விற்ற புது டயரும் 140/70-17. இதைச் சொன்னதும் பேச்சு மாறி, “ஏபிஎஸ் மாடுலேட்டர் போயிருக்கும், மாற்றணும், வாரண்டியில் வராது” என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். ஸ்கேனர் பின் சக்கர சென்சாரைக் காட்டுகிறது, எஸ்டிமேட் மாடுலேட்டருக்கு வருகிறது!

அப்புறம்தான் நானே வண்டியை, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் ஏற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். இன்ஜினைப் போட்டு கியரில் பின் சக்கரத்தை மட்டும் சுழற்றினால் அதற்கே விளக்கு எரியலாம் என்பதால், இன்ஜினை அணைத்துக் கையாலேயே சுற்றினேன். டிஸ்க்குக்கு உள்பக்கம் இருக்கும் சென்சார் ரிங் ஒரு இடத்தில் சென்சாரை ஒட்டிக்கொண்டு வருகிறது, நேர் எதிர்ப்பக்கம் நன்றாக விலகிப் போகிறது. ஒட்டும் இடத்தில் விரல் நக அளவுக்குப் பளபளவென்று புதுத் தேய்மானம். சென்சார் முனையில் மை போல இரும்புத் தூள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டிக்’ என்ற சத்தம்.

ரிங்கில் உள்ள துளைகள் கடந்து போவதை வைத்துத்தான் சென்சார் வேகத்தை அறிகிறது. ரிங் வளைந்தால் இடைவெளி மாறும், சிக்னல் ஏறி இறங்கும். அதை நம்ப முடியாமல் கம்ப்யூட்டர் ஏபிஎஸ்ஸை நிறுத்திவிடுகிறது. அதே சென்சாரை நம்பித்தான் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டு விளக்கும் ஜோடியாக வருகின்றன. வயர் அறுந்திருந்தால் பெரும்பாலும் விளக்கு அணையவே அணையாது. அணைந்து மறுபடி எரிகிறது என்பதே ஒரு துப்பு, அதை உங்கள் மெக்கானிக் ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை.

ரிங் எப்படி வளைந்தது? டயர் மாற்றிய அன்று காத்திருக்கும் அறைக் கண்ணாடி வழியாக நான் பார்த்தது இது: சக்கரம் டிஸ்க் பக்கம் கீழே இருக்க சிமென்ட் தரையில் கிடந்தது, டயரை ரிம்மிலிருந்து விடுவிக்க அதன் மேல் ஒருவர் ஏறி நின்றுகொண்டிருந்தார். தொழில் தெரிந்தவர்கள், நாம் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு.

மாடுலேட்டர் எஸ்டிமேட்டை எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள். ரிங்கை உங்கள் செலவில் மாற்றி, சென்சாரில் அடி பட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். சென்சார் இடைவெளியைச் சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு சேர்த்து ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள். டெஸ்ட் ரைடு என் முன்னால் நடக்கட்டும், 40-க்கு மேல். விளக்கு எரியும் வண்டியை “ஓட்டுங்க” என்று சொன்னதற்கும் விளக்கம் வேண்டும்.

7 நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். அதுவரை வண்டியை எடுப்பதாக இல்லை. எடுத்துப் போக ஆள் அனுப்பினால், ஓட்டிக்கொண்டு போகாமல் வேனில் ஏற்றிப் போகச் சொல்லுங்கள். சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க் பக்கம் மேலே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல்கள், எஸ்டிமேட் நகல், ரிங்கின் படங்கள்.