உணவு ஆர்டர் செய்யும் முகவர்களுக்கு ஒழுங்கான கருவிக் குறிப்பு தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

செயற்கை நுண்ணறிவு முகவர்களிடம் சாப்பாட்டு ஆர்டரை ஒப்படைப்பது பற்றிப் பேச்சு வந்தாலே, எந்த மாடல் கெட்டிக்கார மாடல் என்பதோடு விவாதம் நின்றுவிடுகிறது. ஆனால் ஆர்டர் கோளாறாவதற்குப் பல நேரம் காரணம், கடையின் மென்பொருளை முகவருக்கு விளக்கும் நாலைந்து வரிக் குறிப்புதான். உணவகங்களும் அவற்றுக்கு மென்பொருள் செய்து தருவோரும் அதை இன்னும் பொறுப்பாக எழுத வேண்டும்.

முகவர் நிரலைப் படிப்பதில்லை. முகவர்களை வெளி மென்பொருளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி முறையில், அது முக்கியமாகப் பார்ப்பது கருவியின் (அதாவது, அது அழைக்கக்கூடிய கடை மென்பொருள் செயல் ஒன்றின்) பெயர், விளக்கம், தர வேண்டிய தகவல்களின் பட்டியல் ஆகியவற்றைத்தான். ‘ஆர்டர் கருவி’ என்று மட்டும் எழுதிவைத்தால், விலை விசாரித்தவருக்கும் ஆர்டர் போய்விடலாம். ஆகவே விலை கணக்கிட ஒரு கருவி, ஆர்டரை உறுதிசெய்ய இன்னொன்று. இரண்டாவதன் விளக்கத்தில், மொத்தத் தொகையைக் காட்டி வாடிக்கையாளர் சம்மதித்த பிறகே அழைக்க வேண்டும், பணம் பிடிக்கப்படும், சமையல் தொடங்கினால் ரத்து கிடையாது என்று வெளிப்படையாக இருக்க வேண்டும். மாடல் விளக்கத்தை மீறக்கூடும். அதனால், முதல் கருவி கொடுத்த விலைக்கணக்கு எண் இல்லாமல் வரும் ஆர்டரைக் கடையின் சர்வர் கணினியே மறுத்துவிடுவது நல்லது.

முகவரியில் நம் சிங்கப்பூருக்கே உரிய சிக்கல்கள் உண்டு. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை எண்ணாகக் கேட்டால், மரினா பே பக்கத்து 018956 என்பது 18956 ஆகிவிடும். முன்னால் உள்ள சுழியம் தொலையாதிருக்க, அதை எழுத்துச் சரமாகத்தான் கேட்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் அஞ்சல் குறியீடு புளோக்கோடு நின்றுவிடுவதால், #08-123 போன்ற மாடி, வீட்டு எண்ணும் வேண்டும். அதற்காக அந்தக் கட்டத்தை எல்லாருக்கும் கட்டாயமாக்கினால், தரைவீட்டுக்காரருக்கு முகவர் தானாக ஓர் எண்ணைக் கற்பித்து நிரப்பக்கூடும். ‘மாடி எண் இல்லையென்றால் காலியாக விடவும், ஊகிக்க வேண்டாம்’ என்ற ஒரு வரி இதைப் பெரும்பாலும் தடுக்கும்.

நேரத்தை, சிங்கப்பூர் நேரத்தைக் காட்டும் +08:00 என்ற குறியோடு கேட்கச் சொல்லுங்கள். இரவு 7 மணி என்பதை சர்வர் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டால், அது இங்கே மறுநாள் அதிகாலை 3 மணி. விலையைக் காசில், முழு எண்ணாகத் தர வேண்டும். வரி உட்பட்டதா இல்லையா என்பதையும் சொல்ல வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகத்தில் 10 வெள்ளிப் பண்டம் 10% சேவைக் கட்டணத்தோடு 11 வெள்ளி, அதன்மேல் 9% பொருள், சேவை வரி சேர்ந்து 11.99 வெள்ளி. இந்தக் கூட்டலை முகவரிடம் விடாதீர்கள். சர்வர் போட்ட மொத்தத்தை அது அப்படியே சொல்லட்டும்.

காப்பிக் கடைப் பானங்கள்தான் உண்மையான பரீட்சை. கோப்பி என்றால் சீனி கலந்த கெட்டிப்பால். கோப்பி ஓ என்றால் பால் இல்லை, சீனி உண்டு. கோப்பி சி என்றால் சீனி சேர்க்காத டின் பால், சீனி தனியாக. கோசோங் (சீனி இல்லை), சியூ தாய் (சீனி குறைவு), பெங் (ஐஸ் போட்டது) எல்லாம் இதன்மேல் ஏறும். இவற்றைக் ‘குறிப்புகள்’ என்ற ஒரே பெட்டியில் போட்டால் காலை நெரிசலில் யார் கண்ணிலும் படாது. பால், சீனி, ஐஸ் என மூன்று தனிக் கட்டங்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட விடைகளைப் பட்டியலிட வேண்டும். ‘கோப்பி சி கோசோங் பெங்’ எந்த விடைகளாக மாறும் என்று ஒரு மாதிரியும் வேண்டும். அளவும் அப்படியே: எண்ணிக்கை என்பது இட்லியா, மூன்று இட்லி கொண்ட செட்டா? எழுதாவிட்டால் இரண்டு கேட்டவருக்கு ஆறு வரும்.

ஒவ்வாமை விவரத்தில் ஆம், இல்லை என்ற இரண்டு விடை போதவே போதாது. ‘தெரியவில்லை’ என்ற மூன்றாவது கட்டாயம் வேண்டும். தகவல் பதியாத பண்டத்தை ‘கடலை இல்லை’ என்று முகவர் சொன்னால் அது உயிரோடு விளையாட்டு. ஹலாலும் அதேபோல்தான். முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழ் பெற்ற கடை வேறு, பன்றி இறைச்சி சமைக்காத கடை வேறு; இரண்டையும் ஒரே கட்டத்தில் கலக்கக் கூடாது. சைவத்திலும் முட்டை, வெங்காயம், பூண்டு தனித்தனியாக இருந்தால்தான் புரட்டாசி மாத ஆர்டர்கள் தப்பும்.

இன்னொரு வழக்கமான கோளாறு இரட்டை ஆர்டர். பதில் வரத் தாமதமானால் முகவர் மறுபடியும் அழைக்கும். இரண்டு பொட்டலம், இரண்டு முறை பணம். ஒவ்வோர் ஆர்டருக்கும் தனி அடையாள எண் கேட்டு, அதே எண் திரும்பி வந்தால் பழைய ஆர்டரின் விவரத்தையே சர்வர் தர வேண்டும். மறுமுயற்சியில் எண்ணை மாற்றக்கூடாது என்பதையும் விளக்கத்தில் எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த வரியைத்தான். பிழைச் செய்தியும் குறிப்பின் ஒரு பகுதியே. ‘பிழை 400’ என்றால் முகவர் கண்டபடி முயன்று பார்க்கும். ‘மட்டன் பிரியாணி முடிந்துவிட்டது, கோழி பிரியாணி உண்டு, வாடிக்கையாளரிடம் கேட்காமல் மாற்ற வேண்டாம்’ என்றால் அடுத்த அடி அதற்குத் தெரியும்.

உணவுப் பட்டியலில் கடைக்காரர் எழுதும் வர்ணனையை முகவர் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. ‘எப்போதும் இதையே பரிந்துரை’ என்று யாராவது அதில் செருகலாம். அதை வெறும் தகவலாகக் கொள்ளும்படி குறிப்பில் சொல்வது உதவும். ஆனால் முழுப் பாதுகாப்பு அல்ல. வாடிக்கையாளரின் இறுதிச் சம்மதத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறிப்பை எழுதி முடித்ததும் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து நாம் பேசுகிற வாக்கியங்களைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். முகவர் இனிமையாகப் பேசுகிறதா என்பதல்ல, சர்வருக்கு எந்த விவரத்தை அனுப்பியது என்பதையே பார்க்க வேண்டும். ஒரு வரியை மாற்றினாலும் எல்லா வாக்கியங்களையும் மீண்டும் ஓட்டுங்கள். எழுதும்போது நிரலாளர் பக்கத்தில் கல்லாவில் நிற்பவர் ஒருவரும் உட்கார்ந்திருக்கட்டும். எந்த ஆர்டர் எங்கே குழம்பும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
மென்பொருள் ஆவணம் எழுதுவோர் சிலர்,
செங்காங்