கணனி விலைக்கூறல்களில் பாகங்களின் முழுப் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையான மாதங்களில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், புதுக்குடியிருப்பு எனப் பல இடங்களிலிருந்தும் இளைஞர்கள் கடைகளில் வாங்கிய விலைக்கூறல் தாள்களுடன், கணனி திருத்தும் என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். தங்கள் முதலாவது கேமிங் கணனியைத் தாங்களே பொருத்த வேண்டும் என்பது அவர்களின் ஆசை; காசு பெரும்பாலும் வெளிநாட்டிலுள்ள மாமாவோ சித்தியோ அனுப்பியதாக இருக்கும். அத்தாள்களில் எழுதப்பட்டிருப்பது அநேகமாக ஒரே வரிதான்: "ஐ5, 16 ஜீபி ராம், 500 ஜீபி எஸ்எஸ்டி, 6 ஜீபி விஜிஏ, பவருடன் கேசிங்." அதாவது கணனியின் மூளையான புரொசசர், தற்காலிக நினைவகம், சேமிப்பகம், திரைக்குப் படம் தரும் கார்ட், பவர் சப்ளையுடன் வரும் பெட்டி. இந்த வரியை வைத்துக்கொண்டு, இப்பாகங்கள் ஒன்றோடொன்று சேருமா சேராதா என்று எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு பாகத்தினதும் மாதிரி இலக்கத்தை முழுமையாக எழுதிக்கொடுப்பதை எமது பிரதேசக் கடைகள் வழக்கமாக்க வேண்டும், வாங்குவோரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஐ5 என்ற புரொசசர் பெயரை இன்டெல் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் பாவிக்கத் தொடங்கியது. அதன்பின், மதர்போட் எனும் தாய்ப்பலகையில் புரொசசர் அமரும் இடமான சொக்கெட் பலமுறை மாறிவிட்டது. சொக்கெட்டின் இலக்கம் ஒன்றாக இருப்பதும் போதாது. இன்டெல் புரொசசர்களின் 6ஆம், 7ஆம் தலைமுறைகளும் 8ஆம், 9ஆம் தலைமுறைகளும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே சொக்கெட் பெயரில் வந்தபோதிலும், முன்னையவற்றுக்காகச் செய்யப்பட்ட மதர்போட்டில் பின்னையவை வேலை செய்யா. எல்ஜிஏ 1700இல் சிக்கல் வேறு. 12ஆம் தலைமுறை முதல் 14ஆம் தலைமுறை வரை அதில் பொருந்தும் என்றாலும், போட் ஏற்கும் ராம் டிடிஆர்4 வகையா டிடிஆர்5 வகையா என்று பார்த்துத்தான் ராம் வாங்க வேண்டும். இரண்டிலும் 288 தொடுமுனைகளே உள்ளன. ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது இறங்காது. இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் இந்தத் தொல்லை குறைவு, சொக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4, 2022இல் வந்த ஏஎம்5 என்றால் டிடிஆர்5. ஆனால் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. 2018இல் வந்த பி450 வகைப் போட்டில் 2020இன் இறுதியில் வெளியான ஏஎம்டியின் ரைசன் 5000 புரொசசர் வரிசை வேலை செய்யுமெனினும், போட்டிலுள்ள தொடக்க மென்பொருளான பயோஸ் பழையதாக இருந்தால் திரையில் எதுவுமே வராது. அதைப் புதுப்பிக்கப் பழைய ரைசன் ஒன்றை இரவல் வாங்க வேண்டும், அல்லது புரொசசர் இல்லாமலே யூஎஸ்பி வழியாகப் புதுப்பிக்கும் வசதி அந்தப் போட்டில் இருக்க வேண்டும்.

"6 ஜீபி விஜிஏ" என்பது இன்னும் மோசமான எழுத்து. நினைவகத்தின் அளவு வேகத்தின் அளவு அல்ல. 2014இல் வெளியான ஜிடி 730 வகையிலும் 4 ஜீபி கார்ட்கள் உண்டு, அவற்றைக் கொண்டு இன்றைய விளையாட்டுகளை ஓட்ட முடியாது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்ட், கார்டுக்கும் போட்டுக்கும் இடையே தரவு செல்லும் பிசிஐஇ தடங்களில் நான்கை மட்டுமே பாவிப்பதால், பிசிஐஇ 3.0 பதிப்பு மட்டும் உள்ள பழைய போட்டில் பொருத்தினால் பல விளையாட்டுகளில் வேகம் கண்கூடாகக் குறையும். புரொசசரின் இறுதி எழுத்தையும் விட்டுவிடக் கூடாது. ஐ5 வரிசையின் 12400 என்பதில் உள்ளகக் கிராபிக்ஸ் உண்டு, 12400எஃப் என்பதில் இல்லை. பின்னையதை வாங்கிவிட்டு, விஜிஏ கார்டைப் பிறகு பார்ப்போம் என்றிருப்பவர் அதுவரை இருட்டுத் திரையைத்தான் பார்க்க வேண்டும்.

பவர் சப்ளை பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கேசிங்கோடு சும்மா வருவதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். நான் கையில் எடுத்துப் பார்த்த ஒன்றின் பக்கவாட்டில் 500 வொட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அதன் கீழேயிருந்த அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே 18 அம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் 216 வொட். விளையாட்டுக் கணனியில் புரொசசரும் விஜிஏ கார்டும் எடுப்பது ஏறத்தாழ முழுவதும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வொட், நடுத்தரப் புரொசசர் ஒன்றுக்கு 65 வொட் என்று குறைத்துக் கணக்கிட்டாலே 235 வந்துவிடுகிறது. அந்தக் கார்டை வடிவமைத்த என்விடியா நிறுவனம் அதற்கு 550 வொட் பவர் சப்ளையைப் பரிந்துரைப்பது வீண் ஆடம்பரத்துக்காக அல்ல. எமது பகுதிகளில் மின்சாரம் திடீரென நின்று திடீரென வருவதும், மாலை வேளைகளில் அழுத்தம் குறைவதும் தெரிந்த கதை. மின்சாரம் நின்றால் சிறிது நேரம் கணனியைத் தாங்கும் யூபிஎஸ் வாங்கும்போதும் இதே கவனம் தேவை; 650 விஏ என்று எழுதியிருப்பது 650 வொட்டைத் தாங்காது, அதன் வொட் அளவு பெரும்பாலும் 400க்கும் குறைவாகவே இருக்கும். கழற்றிப் பூட்டும் வயர்கள் கொண்ட பவர் சப்ளையாயின் வேறொரு கம்பனியின் வயரை அதில் செருகவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே மின்னோட்ட ஒழுங்கு மாறியிருந்தால் எஸ்எஸ்டியோ போட்டோ எரிந்துபோகும்.

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த கணனிகள் மலிவாகக் கிடைப்பதால், அதை வாங்கி ஒரு விஜிஏ கார்டைச் செருகிவிடலாம் என்று நினைப்பவர்களும் பலர். நினைப்பில் தவறில்லை. ஆனால் அவ்வகைக் கணனிகள் பலவற்றில் பவர் சப்ளையின் முனையே கம்பனியின் தனி வடிவில் இருப்பதால் சந்தையிலுள்ள பவர் சப்ளையை மாற்றிப் பூட்ட முடியாது. கேசிங் ஒடுக்கமாயின் உயரம் குறைந்த கார்ட் மட்டுமே இறங்கும். அத்தகையவர்கள், தனி மின்வயர் கேட்காமல் மதர்போட்டின் செருகுதளம் தரும் 75 வொட்டுக்குள் ஓடும் கார்டைத் தேடுவதே நல்லது. புதுக் கேசிங் வாங்குவோர் கார்டின் நீளத்தையும் புரொசசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரத்தையும் கேசிங்கில் உள்ள இடத்தோடு மில்லிமீற்றரில் ஒப்பிட்டால் போதும்.

விளையாட்டுக்காகவா இவ்வளவு செலவு என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆயினும் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் படிக்கும் பிள்ளைக்கு வரைபட வேலைக்கும் இதே கணனிதான் உதவப்போகிறது.

கொழும்பில் இருப்பவருக்குப் பொருந்தாத பாகம் ஒரு பிற்பகல் அலைச்சல். பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்கும் மறு கடைக்கும் சில அடி தூரமே. எங்களுக்கோ அப்பாகம் 300 கிலோமீற்றருக்கும் அதிகமாகப் பயணித்துத் திரும்பி வர வேண்டும், அதுவும் கடைக்காரர் மாற்றித்தரச் சம்மதித்தால். விலைக்கூறலிலும் பற்றுச்சீட்டிலும் மாதிரி இலக்கம் இல்லாவிட்டால், எதைத் தருவதாகச் சொன்னார், எதைத் தந்தார் என்று வாதாடவே வழியில்லை. முழு விபரமும் எழுதிய மாதிரி விலைக்கூறல் ஒன்றைத் தங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் அச்சிட்டால், பிள்ளைகள் அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள்.

இங்ஙனம்,
கணனி திருத்துநர் ஒருவர்,
பரந்தன்.