இன்ஜின் எப்படி இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சங்ககிரியில் இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறேன். அவ்வளவு காலமும் அடுத்தவர் வண்டிதான். போன மாசியில் முதன்முறையாகச் சொந்தமாக ஒன்று வாங்கினேன். 2016 மாடல், பத்துச் சக்கரம். பழைய லாரி வியாபாரி ஒருவரிடம் 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். எட்டு லட்சம் ஃபைனான்ஸ், மீதி மனைவியின் நகையை அடகு வைத்தது.

பத்தொன்பதே நாளில் இன்ஜின் போய்விட்டது. "இத்தனை வருடம் ஓட்டிய உனக்குத் தெரியவில்லையா?" என்று பலரும் கேட்கிறார்கள். வியாபாரி பத்து மணிக்கு வரச் சொன்னார், போனேன். இன்ஜின் அதற்குள் சூடாக இருந்தது; சூடான இன்ஜினில் சில கோளாறு தெரியாது. கழுவிப் பெயின்ட் அடித்திருந்தார்கள், ஆயிலும் புதிது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், புகை தள்ளவில்லை. பைபாஸில் பத்து கிலோமீட்டர் ஓட்டினேன், சத்தம் சுத்தம். காலையில் சில்லென்று இருக்கும் வண்டியை நானே ஸ்டார்ட் செய்து பார்த்திருக்க வேண்டும். வாங்கப் போகிறவர்கள் அதை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள்.

பத்தொன்பதாம் நாள் சேலத்தில் சவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் போகும்போது, கர்நூல் தாண்டியதும் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் தட்ட ஆரம்பித்துவிட்டது. பட்டறையில் இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றினால், ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாய்களான லைனர்களை வெளியே எடுத்தார்கள். இரண்டில் ஊசி குத்தியது போல ஓட்டைகள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஊற்றாமல் வெறும் போர்வெல் தண்ணீரிலேயே வருடக்கணக்கில் ஓட்டினால் இப்படி ஆகும். இன்ஜின் ஓடும் அதிர்வில் லைனரைச் சுற்றியுள்ள தண்ணீரில் பொடிக் குமிழிகள் உண்டாகி உடையும். அந்த அடி இரும்பை வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். பத்தொன்பது நாளில் நடக்கிற வேலை இல்லை அது. ரேடியேட்டரில் ஒழுக்கை அடைக்கிற பவுடரும் கட்டி கட்டியாகக் கிடந்தது.

தண்ணீர் கலந்த ஆயிலால் பேரிங் போய், இன்ஜினைச் சுழற்றும் தண்டான கிராங்கிலும் கோடு விழுந்துவிட்டது. செலவு 1 லட்சத்து 92 ஆயிரம். பதினொரு நாள் வண்டி நின்றது. சரக்கை வேறு லாரிக்கு மாற்றியதில் வாடகையும் போச்சு. மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை.

வியாபாரியைக் கேட்டால், "உள்ளது உள்ளபடி என்று கையெழுத்துப் போட்டுத்தானே எடுத்தீர்கள், எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்கிறார். அவருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்துகொண்டு விற்பதுதானே அவர் தொழில்? நான் வாங்கியது ஒரு வண்டி, அவர் விற்பது மாதம் பத்து. ஆயிலைக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால் தண்ணீர் இறங்குவது தெரிந்துவிடும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், சரியாக இருக்கிறதா என்று பார்க்க அரை நாள் போதும். அதைச் செய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றி விற்றிருக்கிறார்.

1930 ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு, வாங்குபவர் பார்த்து வாங்கிய பொருளில், பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்குத்தான் விற்பவரைக் கேட்க முடியாது என்கிறது. லைனரின் வெளிப்பக்க ஓட்டையை இன்ஜினைப் பிரிக்காமல் யார் பார்க்க முடியும்? தொழிலுக்கு வாங்கிய வண்டி, நுகர்வோர் வழக்கு செல்லாது என்றும் சிலர் பயமுறுத்தினார்கள். சொந்தமாக ஓட்டிப் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது.

பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வண்டி அவர்களிடம் இருக்கும்போது போகும் ஒவ்வொரு நடைக்கும் கணக்கு வைக்கச் சொல்கிறது. நல்ல விதி. அதோடு இதையும் சேர்க்க வேண்டும்: விற்கும் லாரிக்கு ஆயில் சோதனை, கம்ப்ரஷன் அளவு இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மூன்று மாதத்துக்குள் பழைய சேதம் என்று தெரிந்தால் பழுதுச் செலவு வியாபாரியுடையது. போக்குவரத்துத் துறையும் லாரி உரிமையாளர் சங்கங்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. இந்த மாதமே போடுகிறேன். ஓட்டை விழுந்த லைனர் இரண்டையும் சாக்கில் சுற்றி வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சொந்த லாரி ஓட்டுநர்,
சங்ககிரி.