கிளவுட் இணைப்பு விற்கும் நிறுவனங்களுக்கு: இரண்டு லிங்க் என்றால் இரண்டு பாதைதானா?

அன்புடையீர்,

வணக்கம். தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் கடன் நிறுவனங்களும் தங்கள் சர்வர்களை அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் கிளவுடுக்கு மாற்றிவிட்டு, பொது இணையத்தை மட்டும் நம்பாமல் தனி லிங்க் போட்டுக்கொள்கிறார்கள். அமேசானில் அது டைரக்ட் கனெக்ட், மைக்ரோசாஃப்டில் எக்ஸ்பிரஸ்ரூட், கூகுளில் இன்டர்கனெக்ட். நடுவில் நிற்பவர்கள் நீங்கள். டேட்டா சென்டரில் உங்கள் சுவிட்சில் ஒரு போர்ட் வாங்கிவிட்டால் போதும். அதன்மேல் 50 எம்பிபிஎஸ் தொடங்கி எந்த கிளவுடுக்கும் உங்கள் போர்ட்டலிலேயே சில நிமிடங்களில் லிங்க் போடலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். நல்ல ஏற்பாடு இது. இந்த லிங்க்குகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் பொறியாளர்களான நாங்களும் இதைத்தான் பரிந்துரைக்கிறோம்.

எங்கள் குறை உங்கள் போர்ட்டலில் வாங்கும் இரண்டாவது லிங்க் பற்றியது. முதல் லிங்க் அறுந்தால் வேலை நிற்கக்கூடாது என்றுதான் அதை வாங்குகிறார்கள். திரையில் இரண்டு வரி தெரிகிறது, பில்லில் இரண்டு தொகை வருகிறது. ஆனால் அந்த இரண்டும் எங்கெங்கே ஒன்றாகச் சேர்கின்றன என்பதை வாங்குபவரால் எங்கும் பார்க்க முடிவதில்லை.

சேரக்கூடிய இடங்கள் பல. தெருவிலேயே தொடங்குகிறது: இரு வேறு நிறுவனங்களின் ஃபைபர் என்று வாங்கியிருப்பார்கள், ஆனால் ஒருவர் மற்றவரிடம் இழைகளை வாடகைக்கு எடுத்திருப்பார், இரண்டும் நிலத்தடியில் ஒரே டக்ட் குழாயில் ஓடும். மெட்ரோ வேலைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டும் ஜேசிபி இரண்டையும் ஒரே வாரலில் அறுத்துவிடும். அடுத்தது டேட்டா சென்டருக்குள் நுழையும் இடமும், பல நிறுவனங்களின் கேபிள்கள் சந்திக்கும் மீட் மீ ரூமும். அதற்கடுத்து உங்கள் சுவிட்ச். ஒரே போர்ட்டின் மேல் இரண்டு விலான், அதாவது அதற்குள்ளேயே பிரித்த தனித் தடங்கள், போட்டாலும் உங்கள் திரையில் இரண்டு லிங்க் என்றே வரும். ஒளியை அனுப்பி வாங்கும் அந்த போர்ட்டின் ஆப்டிக் மாட்யூல் செத்தால் இரண்டும் போய்விடும். கடைசியாக, உங்களுக்கும் கிளவுடுக்கும் நடுவே நீங்கள் போட்டிருக்கும் பெரிய குழாய். வாடிக்கையாளர் இரண்டு போர்ட் வாங்கியிருந்தாலும், அந்தப் பக்கம் இரண்டு லிங்க்கும் ஒரே 100 ஜிபிபிஎஸ் இணைப்பில், ஒரே கிளவுட் ரூட்டரில் போய் இறங்கலாம். இதைத் தெரிந்துகொள்ள வாங்குபவருக்கு உங்களைக் கேட்பதைத் தவிர வழியில்லை.

கிளவுட் நிறுவனங்கள் இந்த விஷயத்தில் ஓரளவு வெளிப்படையாக இருக்கின்றன. கூகுளில் ஒவ்வொரு லிங்க்கும் எந்த எட்ஜ் அவெய்லபிலிட்டி டொமைனில், அதாவது தனியாகப் பராமரிக்கப்படும் எந்தச் சாதனக் குழுவில், விழுகிறது என்று ஆர்டரிலேயே தெரியும். ஒரே ஊரின் இரு டொமைன்களிலும் ஒரே நேரத்தில் பராமரிப்பு வேலை வைப்பதில்லை. அமேசான் ஒவ்வொரு இணைப்புக்கும் அது இறங்கும் ரூட்டரின் அடையாளத்தைக் காட்டுகிறது. எக்ஸ்பிரஸ்ரூட்டில் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும், அதாவது வாங்கும் ஒவ்வொரு இணைப்புக்கும், பிரைமரி, செகண்டரி என்று இரு கால்கள் கட்டாயம். உங்கள் தொழிலிலேயே ஆஸ்திரேலியாவின் மெகாபோர்ட் தன் சாதனங்களைச் சிவப்பு, நீலம் என்று இரு மண்டலமாகப் பிரித்து, எந்த போர்ட் எதில் என்று வாங்குபவரையே தேர்ந்தெடுக்க விடுகிறது. ஆகவே இது முடியாத காரியம் அல்ல.

ஊரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் வர்தா புயலையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தையும் பார்த்த சென்னையில், இரு லிங்க்கும் ஒரே கட்டடத்தில் முடிவது போதாது. அமேசான் தன் டைரக்ட் கனெக்டுக்கு 99.9 சதவீத உறுதி தர இரு வேறு இடங்கள் கேட்கிறது. கூகுளின் 99.99 சதவீதத்துக்கு இரு வேறு ஊர்கள் வேண்டும். அமேசானின் இந்திய ரீஜன்கள், அதாவது டேட்டா சென்டர் தொகுதிகள், மும்பையிலும் ஹைதராபாத்திலும்தான் இருக்கின்றன. எனவே ஒரு லிங்க்கைச் சென்னையிலும் மற்றதை மும்பையிலோ ஹைதராபாத்திலோ இறக்குவது பல வாடிக்கையாளர்களுக்குச் சரியாகவே பொருந்தும். உங்கள் விற்பனையாளர்கள் இதை எடுத்துச் சொல்வதில்லை.

அடுத்தது, லிங்க் அறுந்தது வாடிக்கையாளருக்கு எப்போது தெரிகிறது என்பது. இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டாவது லிங்க் உண்மையிலேயே தனிப் பாதையில் போனாலும் இங்கேதான் பெரும்பாலும் ஏமாற்றம் வருகிறது. நேரடி ஃபைபர் அறுந்தால் ஒளி நிற்கும், ரூட்டரின் போர்ட் உடனே விழும், அடுத்த பாதைக்கு மாறும். உங்கள் வழியாகப் போகும்போது வாடிக்கையாளரின் போர்ட்டில் ஒளி வருவது உங்கள் சுவிட்சிலிருந்து. உங்களுக்கு அப்பால் கிளவுட் பக்கம் எது அறுந்தாலும் இந்தப் பக்கத்து விளக்கு பச்சையாகவே எரியும். இரு பக்க ரூட்டர்களும் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் பிஜிபி நெறிமுறை மட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும். அமேசான் பக்கம் அதன் ஹோல்டு டைமர், அதாவது பதில் வராமலே காத்திருக்கும் நேரம், 90 விநாடி, மைக்ரோசாஃப்ட் பக்கம் 180 விநாடி. அதுவரை பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள், குழிக்குள் விழுந்துகொண்டே இருக்கும்; பில்லிங் கவுன்டரில் திரை உறைந்து நிற்கும்.

இதற்கு மருந்து பிஎஃப்டி, அதாவது லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று இரு ரூட்டர்களும் அடிக்கடி கேட்டுக்கொள்ளும் முறை. அமேசான் தன் பக்கம் இதை எப்போதும் தயாராக வைத்திருக்கிறது: 300 மில்லி செகண்ட் இடைவெளி, மூன்று முறை பதில் வராவிட்டால் லிங்க் விழுந்ததாகக் கொள்ளும். ஆனால் வாடிக்கையாளரின் ரூட்டரில் அதைப் போடாதவரை அது வேலை செய்யாது. போட்டால் மாற்றம் ஒரு விநாடிக்குள் முடிகிறது. லிங்க் ஒப்படைக்கும்போது நீங்கள் அனுப்பும் ஐபி, விலான், நெட்வொர்க்கின் அடையாளமான ஏஎஸ் எண் விவரங்களோடு பிஎஃப்டிக்கான வரிகளையும் சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எக்ஸ்பிரஸ்ரூட்டில் வேறொரு குறை. சர்க்யூட் ஒன்று என்றாலும் கால் இரண்டு. தலா ஒரு சிறு ஐபி முகவரித் தொகுதி (/30), தலா ஒரு பிஜிபி. விலையைக் குறைத்துக் காட்ட உங்களில் சிலர் பிரைமரிக்கு மட்டும் லிங்க் போட்டுக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் தன் ரூட்டர்களை ஒன்று மாற்றி ஒன்றாகப் பராமரிக்கிறது. பிரைமரியின் முறை வரும் இரவில் அந்த வாடிக்கையாளர் இருட்டில் நிற்கிறார். ஒரு காலோடு இருப்பவருக்கு மைக்ரோசாஃப்டின் 99.95 சதவீத உறுதியும் பொருந்தாது. செகண்டரி இல்லாமல் ஆர்டரை முடிக்கவே உங்கள் போர்ட்டல் விடக்கூடாது.

இரு பாதையும் தனித்தனியாகவே இருந்து, இரண்டும் ஒரே நிமிடத்தில் விழுவதும் உண்டு. அமேசானின் பிரைவேட் இன்டர்ஃபேஸில் வாடிக்கையாளர் 100 ரூட்டுக்கு, அதாவது முகவரித் தொகுதிக்கு, மேல் அறிவிக்க முடியாது; 101-வது வந்ததும் பிஜிபி செஷனே விழுந்துவிடும். இரு லிங்க்கிலும் ஒரே ரூட்டுகளைத்தானே அறிவிக்கிறார்கள்? கிளை அலுவலகம் ஒன்று புதிதாகச் சேர்ந்த அன்று இரண்டும் சேர்ந்து போகும், காரணம் தேட மணிக்கணக்கில் ஆகும். ரூட்டுகளைச் சுருக்கி அறிவிக்கச் சொல்லுங்கள். 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி வைக்கச் சொல்லுங்கள்.

இனி 'ஐந்து நிமிடத்தில் இணைப்பு' என்ற உங்கள் விளம்பரம். அது விலானுக்குப் பொருந்தும். அதற்குமுன் முதல் போர்ட் எழ வேண்டும்: இணைக்க அனுமதி தரும் எல்ஓஏ கடிதம், அதை வைத்து டேட்டா சென்டரில் இரு பக்கத்தையும் கோர்க்கும் கேபிளுக்கு, அதாவது கிராஸ் கனெக்டுக்கு, ஆர்டர், பேட்ச் பேனலில் ஆள் வந்து கோர்ப்பது. வாடிக்கையாளர் டேட்டா சென்டருக்கு வெளியே இருந்தால் அவர் கட்டடம்வரை போகும் லாஸ்ட் மைல் ஃபைபரும் சேரும். தோண்டும் அனுமதிக்குக் காத்திருந்தால் மாதங்கள். கோர்த்தபின்னும் போர்ட் எழாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது அனுப்பும் டிஎக்ஸ், வாங்கும் ஆர்எக்ஸ் இழைகள் மாறியிருக்கின்றனவா என்பதை. எல்சி கனெக்டரில் இரண்டையும் மாற்றிச் செருகினால் பலமுறை அதோடு சரியாகிவிடும். 10 ஜிபிபிஎஸ் எல்ஆர் வகை மாட்யூலில் வரும் ஒளியின் பலம் மைனஸ் 14.4 டிபிஎம்முக்குக் கீழே இருந்தால் கனெக்டரைத் துடைக்க வேண்டும். இந்த நாட்களிலும் பணம் ஓடிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்பிரஸ்ரூட்டில் சர்க்யூட்டின் அடையாளமான சர்வீஸ் கீ உருவான கணத்திலிருந்தே கணக்கு. டைரக்ட் கனெக்டில் சொந்த போர்ட் என்றால் இணைப்பு எழுந்த நாள் அல்லது 90-வது நாள், எது முந்தியதோ அது. லாஸ்ட் மைல் வருமுன் கீயை உருவாக்கச் சொல்லும் உங்கள் ஆட்களை நிறுத்தச் சொல்லுங்கள். எடுக்கும்போதும் அப்படித்தான்: உங்கள் போர்ட்டலில் லிங்க்கை அழித்தால் கிளவுட் பக்கத்துக் கட்டணம் நிற்காமல் போகலாம், அங்கேயும் அழிக்க வேண்டும் என்று அதே திரையில் எழுதுங்கள்.

வேகம் பற்றிச் சுருக்கமாக. 64 கேபி விண்டோவோடு, அதாவது பதில் வருமுன் அவ்வளவு மட்டுமே அனுப்பி, ஓடும் பழைய ஃபைல் காப்பி மென்பொருள், போய்வர 25 மில்லி செகண்ட் ஆகும் பாதையில் 21 எம்பிபிஎஸ்தான் தரும். லிங்க் 500 ஆக இருந்தாலும் அதுதான். இதை முன்கூட்டியே சொன்னால் தேவையில்லாத அப்கிரேடு செலவு மிச்சமாகும். எக்ஸ்பிரஸ்ரூட்டில் வேகத்தை ஏற்றலாம், அதே சர்க்யூட்டில் இறக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாங்கிய அளவைத் தாண்டும் பாக்கெட்டுகளை வரிசையில் நிறுத்தாமல் வெட்டிவிடுகிறீர்கள் என்றால், அதையும் எழுதுங்கள். வாடிக்கையாளர் தன் ரூட்டரிலேயே வேகத்தை அந்த அளவுக்குள் வைக்கும் ஷேப்பிங் போட்டுக்கொள்வார்.

'பிரைவேட்' என்ற சொல்லால் தகவல் பூட்டப்பட்டுப் போகிறது என்று நம்பும் மருத்துவமனைகள் இருக்கின்றன. பாதை தனி, அவ்வளவே. அதன்மேல் ஐபிசெக் என்ற குறியாக்கம் போட வேண்டும் என்று விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் கேட்பது இவை. இரண்டாவது லிங்க் வாங்கும் திரையில், முதலாவதோடு அது பகிரும் ஒவ்வொன்றையும் காட்டுங்கள்: சுவிட்ச், கட்டடம், கிளவுட் இணைப்பு, கிளவுட் ரூட்டர். லாஸ்ட் மைலும் நீங்களே தந்தால் ஃபைபர் போகும் பாதையை வரைபடத்தில் காட்டும் கேஎம்இசட் ஃபைலைக் கொடுங்கள். பிறகு வேலைக்காகப் பாதையை மாற்றினால் புதிய ஃபைலையும் அனுப்புங்கள். ஒரே வாடிக்கையாளரின் இரு லிங்க்கிலும் ஒரே இரவில் வேலை வைக்காதீர்கள். ஒப்படைக்கும் நாளில், பணம் வாங்கும்முன், வாடிக்கையாளர் முன்னிலையில் முதல் லிங்க்கை நீங்களே இறக்கிக் காட்டுங்கள். பதில் கேட்கும் சிறு பாக்கெட்டுகளான பிங் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கட்டும், எத்தனை விழுகிறது என்று எண்ணி ஒப்படைப்புத் தாளில் எழுதுங்கள். போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறொன்று ஆகி ஃபயர்வால் தடுத்தால் அன்றே தெரிந்துவிடும். அமேசானில் முதன்மை லிங்க்குக்கு 7224:7300, மாற்று லிங்க்குக்கு 7224:7100 என்ற கம்யூனிட்டி குறியை ரூட்டுகளோடு அனுப்பினால் திரும்பும் வழி ஒழுங்காகும். பிறகு இரண்டாவதை இறக்கி, அதையும் எண்ணுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

இப்படிக்கு,
இந்த லிங்க்குகளை இரவிலும் பகலிலும் பராமரிக்கும் நெட்வொர்க் பொறியாளர்கள்