நாலு பூங்கா வேண்டாம், ஒன்று போதும்

அன்புள்ள கவிதா,

நீ அனுப்பிய ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு திட்டத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஜூன் மாதம், நாலு நாள், நாளுக்கு ஒரு பூங்கா. "இதென்ன, நவக்கிரகக் கோயில் டூரா?" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

முதலில் தேதி. பேரன் ஆதிக்கு மார்ச்சில் மூணு வயது முடிகிறது. மூணு வயது நிரம்பாத பிள்ளைக்கு டிஸ்னியில் டிக்கெட்டே கிடையாது. நிரம்பிவிட்டால் பெரியவர்களைவிடக் கொஞ்சம்தான் குறைப்பார்கள். ஜூன் என்றால் நாங்கள் உங்களோடு தங்கும் ஆறு மாதமும் முடிந்து மூட்டை கட்டுகிற நேரம். ஃபுளோரிடாவின் புழுக்கம் வேறு; மத்தியானமானால் இடி மழை. மின்னல் வெட்டினால் வெளியில் சுற்றுகிற ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். ஜனவரி கடைசி வாரம் வைத்துக்கொள். புத்தாண்டுக் கூட்டம் வடிந்திருக்கும், பிப்ரவரி நடுவில் வரும் லீவுக் கூட்டம் தொடங்கியிருக்காது. காலையில் குளிரும், ஸ்வெட்டர் இருக்கட்டும்.

அப்புறம் இடம். டிஸ்னி வளாகம் மொத்தம் ஏறக்குறைய 25,000 ஏக்கர். அதையெல்லாம் நாம் அளந்து பார்க்கவா போகிறோம்? ஆதி வயதுக்கு அந்த நாலு பூங்காவில் மேஜிக் கிங்டம் ஒன்று போதும். அதையே இரண்டு நாளாகப் பிரி. நடுவில் ஒரு நாள் ஹோட்டல் நீச்சல் குளத்தோடு விட்டுவிடு. அட்லாண்டாவிலிருந்து ஏழு மணி நேரம் காரில் கட்டிப்போட்ட பிள்ளையை அன்றைக்கே உள்ளே இழுத்துக்கொண்டு போகாதே. காரை விட்டபின் மோனோ ரயிலிலோ படகிலோ ஏரியைத் தாண்டித்தான் வாசலுக்கே போக முடியுமாம். அதற்கும் நேரம் வை. கதவு திறக்கும்போதே உள்ளே போய், பசிக்கிற வரை சுற்றிவிட்டு, மத்தியானம் ரூமுக்கு வந்து தூங்கட்டும். தூக்கம் கெட்டால் அவன் என்ன செய்வான் என்று சமயபுரம் வரிசையில் பார்த்தோமே.

ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலில் ஏற 38 அங்குல உயரம் வேண்டும். ஆகஸ்டில் அம்மா கதவு நிலையில் அவன் தலைக்கு மேல் போட்ட பென்சில் கோடு 35-இல் நிற்கிறது. ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டருக்கு 44. தடிமனான ஷூ போட்டு ஏமாற்றலாம் என்று மாப்பிள்ளை சொன்னால் கேட்காதே. வீடியோவில் அதையெல்லாம் காட்டி ஆசை மூட்டவும் வேண்டாம். டம்போ யானை, ஸ்மால் வேர்ல்டு படகு, குதிரை ராட்டினம், இவற்றுக்கு உயரக் கணக்கே இல்லை. சுரங்க ரயிலுக்கு நீங்கள் இருவரும் ஜோடியாகப் போய்விட்டு வாருங்கள், பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

எனக்கென்று ஒன்று கேட்கலாமா? பூங்காவைச் சுற்றி நீராவி ரயில் ஓடுகிறது. பொம்மை எஞ்சின் இல்லை. நாலு எஞ்சினும் பிலடெல்பியாவில் பால்டுவின் கம்பெனி 1916-க்கும் 1928-க்கும் இடையில் கட்டியவை. மெக்சிகோவில் யுகட்டான் பக்கம் உழைத்து ஓய்ந்து, பழைய இரும்பாகப் போக இருந்தவற்றை 1969-இல் வாங்கி வந்து உயிர் கொடுத்திருக்கிறார்கள். மூன்றடி அகலத் தண்டவாளம், எண்ணெயில் எரியும் பாய்லர். ஊட்டி ரயிலுக்கு எஞ்சின் செய்த பொன்மலை ஒர்க் ஷாப்பில் காலம் தள்ளியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆதியும் நானும் ஸ்டேஷனில் உட்கார்ந்து எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்போம். ஆனால் ஓடுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடு. பக்கத்தில் ரோலர் கோஸ்டர் கட்டுகிறோம் என்று 2018 டிசம்பரில் நிறுத்தியவர்கள் நாலு வருஷம் கழித்துத்தான் திரும்ப விட்டார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. வெளியிலிருந்து கொண்டு போகலாம், கண்ணாடி பாட்டில்தான் கூடாது. அம்மா இப்போதே மிளகாய்ப்பொடி இடிக்கக் கிளம்பிவிட்டாள். தண்ணீர் காசு கொடுத்து வாங்காதே. கவுண்டரில் சாப்பாடு தரும் கடைகளில் கேட்டால் ஐஸ் தண்ணீர் சும்மா தருவார்கள்.

ராத்திரி வாணவேடிக்கையை விட்டுவிடலாம். தீபாவளிக்கு வீடியோ காலில் நம் தெரு வெடிச் சத்தம் கேட்டே சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தவன் அவன். பார்த்தே ஆக வேண்டுமென்றால் காதுக்கு மாட்டும் மூடி ஒன்று வாங்கிவிடு.

ஸ்ட்ரோலரோடு ஒரு சக்கர நாற்காலியும் வாடகைக்குச் சொல்லி வை. இதை இப்போது அம்மாவிடம் சொல்லாதே, கோபம் வரும். பாதி நாளில் அவளே கேட்பாள்.

அன்புடன்,
அப்பா